அத்தியாயம் 7: எடுத்து வைத்த தாய்ப்பால் கெடாமல் காப்பது

பேறுகால விடுப்பு முடியும் மாதத்தில் எல்லாத் தாய்மார்களுக்கும் வரும் கவலை ஒன்றுதான்: "நான் வேலைக்குப் போன பிறகு குழந்தை என்ன குடிக்கும்?" உங்கள் பாலையே குடிக்கலாம். நீங்கள் பக்கத்தில் இல்லாத பத்து மணி நேரமும் குடிக்கலாம். பாலை எடுப்பது எப்படி என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கையால் பீய்ச்சினாலும் பம்ப் வைத்து எடுத்தாலும், எடுத்த பாலை அடுத்து என்ன செய்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்து வைத்த பால் பலர் கை மாறுகிறது. எடுப்பவர் தாய். ஃப்ரிட்ஜில் வைப்பவர் சில நாள் கணவராக இருப்பார். குழந்தைக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டி, அல்லது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் அக்கா. பாலை எப்போது எடுத்தார்கள், எப்போது வெளியே எடுத்து வைத்தார்கள் என்ற விவரம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேராத இடத்தில்தான் தவறு நடக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தை நீங்கள் மட்டும் படித்தால் போதாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். விதியை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் புரிந்தால், நீங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் வரும்போது அவரே சரியாக முடிவெடுப்பார்.

பழைய பாலா? காய்ச்ச வேண்டாமா?

வீட்டில் முதலில் எழும் இரண்டு கேள்விகள் இவை.

"ஏம்மா, நேத்து எடுத்த பாலையா புள்ளைக்குக் குடுக்கிறது?" என்று அத்தை கேட்பார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அது சரியான எச்சரிக்கை. இன்று உங்கள் பதில் இப்படி இருக்கட்டும்: "எடுத்த உடனே குளிர்ல வச்சிட்டேன் அத்தை. நாலு நாள் வரைக்கும் கெடாது. எப்ப எடுத்ததுன்னு மேலேயே எழுதியிருக்கேன், பாருங்க."

தாய்ப்பாலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், லாக்டோஃபெரின், லைசோசைம் போன்றவை கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. எடுத்து வைத்த பால் சில மணி நேரம் தன்னைத்தானே காத்துக்கொள்வது இவற்றால்தான். குளிரில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு இன்னும் நீளும். நாளாக ஆக வைட்டமின் சி போன்ற சில சத்துகள் குறையும் என்பது உண்மை. அப்படிக் குறைந்த பிறகும், தாய் அருகில் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு இதைவிட நல்ல உணவு கிடையாது.

அடுத்தது காய்ச்சுவது. நம் வீடுகளில் பால் வந்தால் முதலில் அடுப்பில் ஏறும். மாட்டுப் பால் தொழுவம், கேன், வண்டி, கடை என்று பல இடம் கடந்து வருவதால் அந்தப் பழக்கம் நல்லது. தாய்ப்பாலைக் காய்ச்சினால் மேலே சொன்ன பாதுகாப்புப் பொருள்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். தாய்ப்பால் வங்கிகளில் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஒரு தாயின் பால் வேறொருவர் குழந்தைக்குப் போவதால் அது அவசியம். உங்கள் பால் உங்கள் குழந்தைக்குப் போகும்போது தேவையில்லை. வீட்டில் பாட்டியிடம் தவறாமல் சொல்ல வேண்டியது: காய்ச்ச வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம்.

கையும் பம்பும்

தாய்ப்பால் கெட்டுப் போவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கிருமிகளால்தான். முதலில் கை: சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து, குறைந்தது 20 நொடி கழுவுங்கள். பால் எடுக்கும் முன்பும், பம்ப் பாகங்களைத் தொடும் முன்பும், பாலை ஊற்றும் முன்பும் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதில்லை. அது தோலை வறளச் செய்து காம்பில் வெடிப்பை உண்டாக்கும். தினம் குளிப்பதே போதும்.

பம்ப் விஷயத்தில் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு க்ரோனோபாக்டர் என்ற கிருமியால் கடுமையான தொற்று ஏற்பட்டது. தேடிப் பார்த்தபோது அந்தக் கிருமி வீட்டில் பயன்படுத்திய பம்பிலும் எடுத்து வைத்த பாலிலும் இருந்தது. பம்ப் பாகங்கள் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து அலசப்பட்டிருந்தன. தேய்த்துக் கழுவவில்லை, கிருமி நீக்கவும் இல்லை. இதற்குப் பிறகுதான் அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் பம்பைச் சுத்தம் செய்வதற்கென்று தனி வழிமுறையை வெளியிட்டது. இப்படிப்பட்ட தொற்று மிக அரிது. ஆனால் ஊற வைப்பது கழுவுவதற்குச் சமம் ஆகாது என்பதை எல்லோரும் நினைவில் வைக்கலாம்.

ஒவ்வொரு முறை பால் எடுத்த பிறகும் செய்ய வேண்டியவை:

- பால் படும் பாகங்கள் அனைத்தையும் தனித்தனியாகக் கழற்றுங்கள். மார்பில் வைக்கும் புனல், வால்வு, பால் விழும் பாட்டில் எல்லாம் இதில் அடங்கும்.
- ஓடும் தண்ணீரில் ஒரு முறை அலசிப் பாலை நீக்குங்கள்.
- இதற்கென்றே ஒரு பாத்திரமும் ஒரு பிரஷ்ஷும் வைத்துக்கொள்ளுங்கள். சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் நேரடியாகப் போட வேண்டாம். மீன் கழுவிய தொட்டி, எல்லாப் பாத்திரமும் தேய்த்த நார் இரண்டிலும் கிருமி இருக்கும்.
- நல்ல தண்ணீரில் அலசி, சுத்தமான துணி அல்லது தட்டின் மேல் கவிழ்த்துக் காற்றில் உலர விடுங்கள். துண்டாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்க வேண்டாம்.
- முழுதாக உலர்ந்த பிறகே மூடிய டப்பாவில் எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகவில்லை, அல்லது குறைமாதத்தில் பிறந்தது, அல்லது நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை என்றால் இவற்றோடு தினம் ஒரு முறையாவது கிருமி நீக்க வேண்டும். கழுவிய பாகங்களை, அவை சூடு தாங்குபவையா என்று பம்போடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டு, தண்ணீரில் முழுக மூழ்கும்படி போட்டு 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். சுத்தமான இடுக்கியால் எடுத்து உலர வையுங்கள். பெரிய, ஆரோக்கியமான குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவினாலே பெரும்பாலும் போதும்.

காற்று போகும் மெல்லிய குழாயில் பால் போகாது என்றால் அதைக் கழுவ வேண்டியதில்லை. உள்ளே கரும்புள்ளி தெரிந்தால் பூஞ்சை என்று பொருள். யோசிக்காமல் தூக்கிப் போட்டுப் புதியது வாங்குங்கள்.

எதில் ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது

இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில், பாலிப்ரோப்பிலீன் என்ற உறுதியான உணவுத்தர பிளாஸ்டிக் டப்பா, தாய்ப்பாலுக்கென்றே விற்கும் சேமிப்புப் பை ஆகியவை ஏற்றவை. அந்த வகைப் பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருக்கும். பிஸ்பினால் ஏ கலந்த பிளாஸ்டிக்கைத் தவிருங்கள். சாதாரண பாலித்தீன் பை, தண்ணீர் வாங்கிக் குடித்த பாட்டில், மருந்து பாட்டில் எதுவும் கூடாது. மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் உள்ளே எவ்வளவு பால் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஒரு டப்பாவில் 60 முதல் 120 மில்லி வரை போதும். குழந்தை ஒரு வேளையில் குடிப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய பாட்டிலில் மொத்தமாக ஊற்றினால், குழந்தை பாதியில் நிறுத்தும்போது மீதி வீணாகும். 30 மில்லி அளவில் ஓரிரு சின்ன டப்பாக்களும் வையுங்கள். குழந்தை "இன்னும் கொஞ்சம்" என்று அழும்போது முழு டப்பாவைத் திறக்காமல் அதைக் கொடுக்கலாம்.

ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். உறையும்போது பால் விரிவடையும். மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். பைகளைத் தட்டில் படுக்க வைத்து உறைய விட்டால் இடமும் மிச்சம், பிறகு சீக்கிரம் உருகவும் செய்யும்.

டப்பாவில் எடுத்த தேதியையும் மணியையும் எழுதுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினால் ஈரத்தில் அழியாது. குழந்தை காப்பகத்துக்குப் போகிறது என்றால் பெயரையும் சேருங்கள்.

ஒரே நாளில் இரண்டு முறை எடுத்த பாலைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் புதிதாக எடுத்த சூடான பாலைக் குளிர்ந்த பாலில் நேராக ஊற்றக் கூடாது. புதியதையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு சேருங்கள். சேர்த்த டப்பாவுக்கு முதலில் எடுத்த பாலின் நேரமே கணக்கு.

நேரக் கணக்கு

முழுமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கான கணக்கு இது:

- அறையில், வெப்பம் 25 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால்: 4 மணி நேரம்
- ஐஸ் பேக் வைத்த குளிர்காப்புப் பையில்: 24 மணி நேரம்
- ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில்: 4 நாள்
- மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃப்ரீசரில்: 6 மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது, 12 மாதம் வரை ஏற்கலாம்
- உறைந்த பால் முழுதாக உருகிய பின், ஃப்ரிட்ஜில்: 24 மணி நேரம்
- உருகிய பால், அறையில்: 1 முதல் 2 மணி நேரம்
- குழந்தை வாய் வைத்துக் குடித்து மீந்தது: குடித்து முடித்த 2 மணி நேரத்துக்குள்

முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். 25 டிகிரி என்பது நம் ஊரில் ஏசி ஓடும் அறை. சித்திரை, வைகாசியில் திருச்சியிலோ வேலூரிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் 32, 35 டிகிரி சாதாரணம். அங்கே 4 மணி நேரக் கணக்கு செல்லாது. ஏசி இல்லாத வீட்டுக்கு என் அறிவுரை எளிது: அறையில் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பால் எடுத்து, மூடி, எழுதி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் எடுத்த பாலைச் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் சேர்த்து வைக்க வேண்டாம்.

நான்கு நாளுக்குள் கொடுக்கப் போவதில்லை என்று முதல் நாளே தெரிந்தால் அன்றே ஃப்ரீசரில் வையுங்கள். நான்காம் நாள் வரை காத்திருந்து பிறகு உறைய வைப்பதில் பயன் குறைவு. எடுக்கும்போது எப்போதும் பழைய தேதியுள்ள டப்பாவை முதலில் எடுங்கள்.

நம் வீட்டு ஃப்ரிட்ஜ், நம் ஊர் கரண்ட்

டப்பாக்களை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சூடு ஏறும். மேல்தட்டின் பின்பக்கத்தில், மூடியுள்ள பெரிய டப்பா ஒன்றுக்குள் பால் டப்பாக்களை அடுக்குங்கள். பொங்கி வழியும் இட்லி மாவும், பையிலிருந்து கசியும் கறி, மீன் தண்ணீரும் பாலைத் தொடாமல் இருக்க இது உதவும். சிறிய ஃப்ரிட்ஜ் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் 4 டிகிரி இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் உள்ளேயே இருக்கும் ஐஸ் அறையை ஃப்ரீசர் என்று எண்ணி ஆறு மாதக் கணக்குப் போட வேண்டாம். அங்கே மைனஸ் 18 டிகிரி நிலையாக இருக்காது. பனிக்கட்டி சேர்ந்தால் அணைத்து உருக்கவும் வேண்டியிருக்கும். அதில் வைக்கும் பாலை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆறு மாதக் கணக்கு, தனிக் கதவு உள்ள, மைனஸ் 18 டிகிரி காக்கும் ஃப்ரீசருக்கு மட்டுமே.

கரண்ட் போனால் முதல் வேலை, ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. மூடியபடி இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். நிறைந்த தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் அறைக்கு இந்த நேரங்களை நம்ப வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த நாளில், காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து ஃப்ரீசரை நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் பாருங்கள். பாலில் பனித்துகள் இன்னும் தெரிந்தால் மறுபடி உறைய விடலாம். முழுதாக உருகி, ஆனால் குளிர்ச்சியாக இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு நாளுக்குள் கொடுங்கள். குளிர்ச்சி போய்விட்டால் கொட்டிவிடுங்கள்.

வேலையிடத்திலிருந்து வீடு வரை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்பும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி வேண்டும். 100 மில்லி அளவில் மூன்று டப்பாக்கள், கூடுதலாக ஒன்று.

அவர் காலை இடைவேளை, மதிய உணவு நேரம், மாலை 3 மணி என்று ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுக்கிறார். அந்தப் பால் அடுத்த நாள் குழந்தைக்கு. திங்கள் எடுத்தது செவ்வாய்க்கு, செவ்வாய் எடுத்தது புதனுக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது ஃப்ரிட்ஜிலேயே இருந்து திங்களுக்கு உதவும், நான்கு நாள் எல்லையைத் தாண்டாது. ஆக, வேலைக்குப் போகும் முன் அவர் சேர்த்து வைக்க வேண்டியது முதல் நாளுக்கான பாலும், அவசரத்துக்கு ஓரிரு நாள் கையிருப்பும் மட்டுமே. ஃப்ரீசர் நிறையப் பைகளை அடுக்கிய படங்களைப் பார்த்து, தன்னிடம் அவ்வளவு இல்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம்.

பள்ளியில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் குளிர்காப்புப் பை போதும். முந்தின இரவு ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்த ஐஸ் பேக்குகளைக் காலையில் உள்ளே வையுங்கள். பால் டப்பாக்கள் ஐஸ் பேக்கைத் தொட்டபடி இருக்கட்டும். பையை அடிக்கடி திறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு, கை கழுவி, பாலை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது ஐஸ் பேக் செட் ஒன்று ஃப்ரீசரிலேயே இருந்தால் காலையில் பதற்றம் இருக்காது.

கழுவ வசதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறைக்கும் தனி செட் பாகங்கள் கொண்டுபோவது நல்ல வழி. இயலாதபோது, பயன்படுத்திய பாகங்களை மூடிய பையில் போட்டுக் குளிரில் வைத்து, சில மணி நேரத்துக்குள் மறுபடி பயன்படுத்துகிற தாய்மார்கள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கழுவுவதே பாதுகாப்பு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இந்தக் குறுக்குவழி வேண்டாம்.

கழிப்பறையில் நின்று பால் எடுக்காதீர்கள். உங்கள் குழந்தையின் உணவு அங்கே தயாராகக் கூடாது. பூட்டக்கூடிய ஒரு சிறு அறை கேட்பதில் கூச்சம் வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு இடைவேளைகளுக்கு மேலாகத் தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இடம்பெற்றுள்ளன. வெளியூர்ப் பயணத்தில், தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் திறக்கப்பட்டு வரும் பாலூட்டும் அறைகளைப் பயன்படுத்துங்கள்.

உருக்குவதும் கொடுப்பதும்

உறைந்த பாலை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், காலையில் உருகியிருக்கும். முழுதாக உருகிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் எண்ணுங்கள். அவசரம் என்றால் மூடிய டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். முழுதாக உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜ் பாலைச் சூடாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. குளிர்ந்தபடியே குடிக்கும் குழந்தைகள் உண்டு. வெதுவெதுப்பு வேண்டுமானால் ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, டப்பாவை அதில் சில நிமிடம் நிற்க வையுங்கள். தண்ணீர் மூடியைத் தொடக் கூடாது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடே தெரியாமல் இருந்தால் சரி. அடுப்பில் நேராக வைப்பதும் மைக்ரோவேவும் வேண்டவே வேண்டாம். மைக்ரோவேவில் பால் ஒரே சீராகச் சூடாகாது. மேலே இதமாக இருக்கும்போதே நடுவில் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும் அளவுக்கு இருக்கலாம்.

நின்ற பாலில் கொழுப்பு மேலே திரண்டு, கீழே நீர்த்த பால் தெரியும். கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். டப்பாவை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

கொடுப்பதற்குப் பாலாடை, சங்கு, சின்னக் கிண்ணம் எதுவும் நல்லது. உள்புறம் முழுதும் கை எட்டும் என்பதால் சுத்தமாகத் தேய்த்துக் கழுவலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியர்கள் இதே பாலாடையில்தான் கொடுக்கிறார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்ததுபோல் மடியில் பிடித்து, பாலை உதட்டருகே கொண்டுபோய், குழந்தை தானாக உறிஞ்ச விடுங்கள். படுக்க வைத்து வாயில் ஊற்றினால் புரையேறும். பாட்டில் பயன்படுத்தினால் நிப்பிளின் இடுக்குகளைத் தனி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். டப்பாவைக் காலி செய்வதற்காகத் திணிக்க வேண்டாம். மீந்ததை 2 மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கலாம். அதற்கு மேல் வைக்கவோ ஃப்ரிட்ஜில் திருப்பி வைக்கவோ கூடாது. குழந்தையின் எச்சிலோடு கிருமி பாலுக்குள் போயிருக்கும்.

நிறமும் மணமும்

முதல் நாள்களின் சீம்பால் மஞ்சளாக இருக்கும். பிறகு வரும் பால் வெளிர்நீலம், வெள்ளை, இளமஞ்சள் என்று மாறும். நீங்கள் சாப்பிட்ட பீட்ரூட், கேரட், கீரையாலும் நிறம் மாறலாம். காம்பு வெடித்து இரத்தம் கலந்தால் இளஞ்சிவப்பாகும். சிறிதளவு என்றால் குழந்தைக்குத் தீங்கில்லை. சில நாளில் நிற்காவிட்டாலோ, பால் பளிச்சென்ற ரோஜா நிறத்தில் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

சிலருடைய பால் ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு சோப்பு வாசனை அடிக்கும். லைப்பேஸ் என்ற நொதி பாலின் கொழுப்பைப் பிரிப்பதால் வருவது அது. பால் கெடவில்லை, பெரும்பாலான குழந்தைகள் குடித்துவிடும். உங்கள் குழந்தை மறுத்தால், முதலில் நாள்பட வைக்காமல் அன்றன்றே கொடுத்துப் பாருங்கள். அதுவும் பயன் தராவிட்டால் மட்டும், உறைய வைக்கும் முன் பாலை ஓரத்தில் சிறு குமிழி தோன்றும் வரை சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கி, உடனே குளிர வைத்துச் சேமிக்கலாம். சில பாதுகாப்புப் பொருள்கள் இதில் குறையும், ஆகவே தேவையானவர்கள் மட்டும் செய்யுங்கள். புளித்த நாற்றம் அடித்தால், சுழற்றியும் கலக்காமல் திரிதிரியாக நின்றால், கொட்டிவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டியவை

குறைமாதக் குழந்தைக்கும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கும் மேலே சொன்ன நேரக் கணக்கு பொருந்தாது. அங்கே எல்லைகள் இன்னும் குறுகியவை. செவிலியர் சொல்லும் கணக்கையே பின்பற்றுங்கள். நீங்கள் புதிதாக மருந்து தொடங்கினாலோ, மார்பில் காய்ச்சலோடு வீக்கமும் வலியும் வந்தாலோ மருத்துவரைக் கேளுங்கள். பல மருந்துகளோடு பாலூட்டலாம். கேட்காமல் பாலை நிறுத்த வேண்டாம்.

பக்கத்து வீட்டிலிருந்தோ இணையத்திலோ பிறர் பாலை வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கியைப் பின்பற்றிப் பல மருத்துவமனைகளில் இன்று வங்கிகள் உள்ளன. அங்கே கொடையாளரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலைப் பதப்படுத்தித் தருகிறார்கள். தாய்ப்பாலை வணிகமாக விற்பதற்கு அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தெளிவாக அறிவித்துள்ளது. உங்களிடம் பால் மிகுதியாக இருந்தால் அருகிலுள்ள வங்கிக்குக் கொடையளியுங்கள்.

ஒத்திகையும் ஒரு தாளும்

வேலைக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை பாருங்கள். ஒரு மதியம் நீங்கள் வெளியே போய்விடுங்கள். பாட்டி டப்பாவை எடுத்து, தேதி பார்த்து, வெதுவெதுப்பாக்கி, சங்கில் கொடுக்கட்டும். திரும்பி வந்து, எங்கே தடுமாறினார் என்று பொறுமையாகக் கேளுங்கள். எழுத்து சிறியதாக இருந்ததா, டப்பா மூடி இறுகிப்போனதா, குழந்தை முகத்தைத் திருப்பியதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

பாலைக் கொட்டுவது தாய்க்கு வலிக்கும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எடுத்த பால் அது. அந்த வலி தெரிந்திருப்பதால்தான் பல பாட்டிமார்கள் சந்தேகம் வந்த பாலையும் "வீணாக்க வேண்டாம்" என்று கொடுத்துவிடுகிறார்கள். கொட்ட அவர்களுக்கு அனுமதி கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்:

1. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
2. பழைய தேதியுள்ள டப்பாவை முதலில் எடுங்கள். ஃப்ரிட்ஜில் நான்கு நாளுக்கு மேல் இருந்தால் வேண்டாம்.
3. வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். அடுப்பு வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டாம், காய்ச்ச வேண்டாம்.
4. மெல்லச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.
5. நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகக் கொடுங்கள். போதும் என்றால் விட்டுவிடுங்கள்.
6. கொடுத்து முடித்த நேரத்தை எழுதுங்கள். மீந்தது இரண்டு மணி நேரம் வரைதான்.
7. சந்தேகம் வந்தால் எனக்கு ஃபோன் செய்யுங்கள். நான் எடுக்காவிட்டால் அந்தப் பாலைக் கொட்டிவிட்டு அடுத்த டப்பாவை எடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.